போத்தலில் இருந்தது என்ன? இலங்கையின் பூச்சிமருந்துத் தடைகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

1995ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. 2015 வந்தபோது அந்த விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் இறங்கியிருந்தது. இந்த இருபது ஆண்டுகளுக்குள்தான் உள்நாட்டுப் போரின் கொடிய கட்டங்கள் வந்தன. 2004இன் ஆழிப்பேரலை வந்தது. 2009இல் முள்ளிவாய்க்கால் வந்தது. மக்களின் துயரம் குறைந்ததால் சாவும் குறைந்தது என்று யாராலும் வாதிட முடியாது.

குறைந்தது வேறொன்று. வயலுக்கு அடிக்க வாங்கி வீட்டில் வைத்திருந்த மருந்தின் கொல்லும் வலிமைதான் குறைந்தது. அதைக் குறைத்தவர்கள் அரசாங்க அலுவலகம் ஒன்றில் இருந்த சில அதிகாரிகள். அவர்களுக்குக் காரணம் காட்டியவர்கள், மருத்துவமனைப் பதிவேடுகளை வரிவரியாகப் படித்த மருத்துவர்கள். காயத்தாலும் வன்முறையாலும் நேரும் சாவுகளைப் பற்றிய பொதுச் சுகாதார ஆராய்ச்சியில் இவ்வளவு தெளிவான வெற்றி அபூர்வம். பாக்கு நீரிணைக்கு அக்கரையில் நடந்த இது தமிழ் வாசகர்களிடம் போதிய அளவு வந்து சேரவில்லை என்பது என் எண்ணம்.

மேலே செல்லுமுன் ஒன்று. இதை வாசிப்பவர்களில் யாருக்காவது மனம் தாங்காத நிலை இருந்தால், இலங்கையில் 1926 என்ற எண்ணிலும் இந்தியாவில் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணிலும் எந்த நேரமும் பேசலாம்.

பசுமைப் புரட்சி வீட்டுக்குள் வந்த விதம்

1950வாக்கில் இலங்கையின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு ஆறு, ஏழு என்ற அளவில்தான் இருந்தது. அடுத்த 45 ஆண்டுகளில் அது ஏறத்தாழ எட்டு மடங்கானது. இதே காலத்தில்தான் புதிய நெல் ரகங்களும் உரமும் பூச்சிமருந்தும் கிராமங்களுக்குள் நுழைந்தன. வறண்ட வலயத்தில் காடு திருத்திக் குடியேறிய குடும்பங்களுக்கு இரண்டு, மூன்று ஏக்கர் நிலமும் ஒன்றிரண்டு அறை கொண்ட வீடும்தான் சொத்து. மருந்துக்கென்று தனி அறை யாரிடமும் இல்லை. தெளித்தது போக மிஞ்சியது கூரைச் செருகலிலும் கட்டிலுக்கடியிலும் மண்ணெண்ணெய்க்குப் பக்கத்திலும் கிடந்தது.

இதன் விளைவை முதன்முதலில் நாடு தழுவிய எண்ணாக்கிக் காட்டியவர்களில் முக்கியமானவர் இலங்கைத் தமிழரான தொழில்சார் மருத்துவ அறிஞர் ஜே. ஜெயரத்தினம். அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1970களின் இரண்டாம் பாதிக்கான மருத்துவமனைத் தரவுகளை ஆராய்ந்து 1982இல் வெளியிட்ட கட்டுரை, ஆண்டுக்குச் சுமார் 13,000 பேர் பூச்சிமருந்து நஞ்சால் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள், ஏறத்தாழ 1,000 பேர் இறக்கிறார்கள் என்று சொன்னது. அவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு நேர்ந்தது தொழில் விபத்து அல்ல, வேண்டுமென்றே அருந்தியது.

அந்தக் கடைசித் தகவல்தான் திருப்புமுனையாகியிருக்க வேண்டும். கையுறை போடுங்கள், காற்றுக்கு எதிரே நின்று தெளிக்காதீர்கள் என்ற அறிவுரையால் இந்தச் சாவுகளைத் தடுக்க முடியாது என்பதை அது அன்றே காட்டிவிட்டது. ஆனாலும் பாதுகாப்பான பயன்பாடு பற்றிய பிரசாரம் பல ஆண்டுகள் தொடர்ந்தது. மருந்து விற்பவர்களுக்கு அந்தப் பிரசாரம் வசதியானது: தவறு எப்போதும் பயன்படுத்துபவரிடமே இருக்கும், பொருளிடம் இருக்காது.

அனுராதபுரத்து வார்டு

அனுராதபுரம் பெரிய மருத்துவமனையின் மருத்துவ வார்டுகளுக்கு 1990களில் நாள்தோறும் நஞ்சருந்தியவர்கள் வந்தபடி இருந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள். முதலில் அருகிலுள்ள சிறு மருத்துவமனை, பிறகு அங்கிருந்து அம்புலன்ஸ் என்று பல மணி நேரம் கடந்து வருவார்கள். மருத்துவருக்கு முதலில் தெரிய வேண்டியது, குடித்தது என்ன என்பது. உறவினர் போத்தலைக் கையோடு கொண்டுவந்திருந்தால் நல்லது. பல நேரம் லேபிள் கிழிந்திருக்கும். வேறு மருந்தை ஊற்றி வைத்த பழைய போத்தலாகவும் இருக்கும்.

ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்துகள் நரம்புக்கும் தசைக்கும் இடையிலான செய்தி ஓட்டத்தைக் குலைப்பவை. நெஞ்சில் சளி நிறையும், மூச்சுத் தசைகள் தளரும். அட்ரோபின் ஊசியைத் தொடர்ந்து ஏற்றி, தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசக் கருவியில் நாள்கணக்கில் வைத்திருக்க வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளில் அந்தக் கருவிகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பிழைக்கக்கூடியவர் கிராமத்தில் இறந்தார். மேலை நாடுகளில் இதே வயதினர் இதே போன்ற ஒரு வேகத்தில் மாத்திரைகளை விழுங்கி, பெரும்பாலும் பிழைத்து வீடு திரும்பினார்கள். வேறுபாடு கையில் கிடைத்த பொருளில் இருந்தது.

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. 1990களில் இளம் வயதில் அனுராதபுரத்துக்கு வந்த பிரித்தானிய மருத்துவர் மைக்கேல் எடில்ஸ்டனும் அவருடைய குழுவினரும் நஞ்சருந்திப் பிழைத்த 268 பேரிடம் பேசினார்கள். ஏன் அந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற கேள்விக்கு 85 சதவீதத்தினர் சொன்ன பதில், அது எளிதில் கிடைத்தது என்பதே. எது கொடியது, எது அவ்வளவு கொடியதல்ல என்று பெரும்பாலோருக்குத் தெரியவே தெரியாது. பாதிக்கும் மேற்பட்டவர்கள், எண்ணம் தோன்றிய அரை மணி நேரத்துக்குள் அருந்திவிட்டவர்கள்.

இந்த மூன்று செய்திகளையும் சேர்த்துப் படித்தால் நெஞ்சு பதறுகிறது. கணவனோடு ஒரு வாக்குவாதம், தகப்பனின் ஓர் ஏச்சு, குடித்துவிட்டு வந்த ஓர் இரவு. அரை மணி நேரம் தாண்டியிருந்தால் கடந்துபோயிருக்கக்கூடிய ஒன்று. அந்த அரை மணி நேரத்துக்குள் கைக்கு எட்டிய போத்தலில் என்ன இருந்தது என்பதே ஒருவர் பிழைப்பாரா என்பதைத் தீர்மானித்தது. அதைத் தீர்மானித்து வைத்தவர் அவரல்ல. இறக்குமதிக்கு அனுமதி கொடுத்தவர்.

பதிவாளரின் அதிகாரம்

1980இல் இலங்கை நாடாளுமன்றம் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. விவசாயத் திணைக்களத்துக்குள் பதிவாளர் என்ற ஒரு பதவி உருவானது. பதிவாளரின் பதிவு இல்லாமல் எந்தப் பூச்சிமருந்தையும் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. அந்த அலுவலகம் பேராதனையில், கெட்டம்பேயில் இருக்கிறது. தீவு நாடு, பெரும்பாலான மருந்து துறைமுகம் வழியாகவே வரும். கதவு ஒன்று, காவலர் ஒருவர். இந்த எளிமை இலங்கைக்குக் கிடைத்த பேறு. அதைப் பயன்படுத்தத் தெரிந்த அதிகாரிகள் கிடைத்தது அதைவிடப் பெரிய பேறு.

1984இல் பாரத்தியானும் மெத்தில் பாரத்தியானும் நிறுத்தப்பட்டன. உலக சுகாதார அமைப்பு முதல் வகுப்பில் வைத்திருந்த, அதாவது மிகக் கொடியவை என்று வகைப்படுத்தியிருந்த மருந்துகளின் இறக்குமதி 1990களின் தொடக்கத்தில் படிப்படியாக நெருக்கப்பட்டது. 1995இல் மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் உட்பட எஞ்சியிருந்தவையும் நின்றன.

அடுத்து நடந்ததை நின்று பார்க்க வேண்டும். முதல் வகுப்பு மருந்துகள் போன இடத்தை விவசாயிகள் எண்டோசல்பானால் நிரப்பினார்கள். அது இரண்டாம் வகுப்பு. தாளில் பார்த்தால் குறைந்த ஆபத்து. ஆனால் அனுராதபுரம் மருத்துவமனையின் பதிவேடு வேறு கதை சொன்னது. 1994இல் எண்டோசல்பானால் அங்கே இறந்தவர் ஒருவர். 1998இல் 50 பேர். அடங்காத வலிப்போடு வந்து இறந்தார்கள். ஆய்வகத்து எலிகளை வைத்து எழுதப்பட்ட வகைப்பாடு மனிதர்களுக்குப் பொருந்தவில்லை என்பது கண்முன்னால் தெரிந்தது. 1998இலேயே எண்டோசல்பானும் தடை செய்யப்பட்டது. அடுத்த மூன்று ஆண்டுகளில் அதனால் நேர்ந்த சாவு மூன்றாகக் குறைந்தது.

இந்த நிகழ்வின் உயிர்நாடி இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு தடை போட்டுவிட்டு விழா எடுத்துக் கலைந்துபோகாமல், அந்த இடத்தில் அடுத்து எந்த மருந்து வந்து உட்கார்ந்தது என்று யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிற்காலத்தில் காமினி மனுவீர பதிவாளராக இருந்தபோது ஆராய்ச்சியாளர்களுக்கும் அந்த அலுவலகத்துக்கும் இடையிலான தொடர்பு இன்னும் நெருங்கியது. ஒரே வேதியியல் குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகளுக்குள்ளேயே நோயாளிகளின் இறப்பு விகிதம் ஏறத்தாழ மூன்று மடங்கு வேறுபடுகிறது என்று 802 நோயாளிகளை வைத்து எடில்ஸ்டன் குழு 2005இல் காட்டியது. அந்தச் சான்றும் பிற சான்றுகளும் சேர்ந்து 2008 முதல் 2011 வரை பாராகுவாட், டைமீதோயேட், ஃபென்தியான் ஆகிய மூன்றும் படிப்படியாக விலக்கப்படக் காரணமாயின.

தடைதான் காரணமா?

இறக்கத்துக்கு வேறு காரணங்கள் இருக்கலாமே என்று கேட்பது நியாயம். 1998இல் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவை இலங்கை நீக்கியது. மருத்துவமனைகள் மேம்பட்டன. 1974 முதல் இயங்கிவரும் சுமித்ரயோ போன்ற அமைப்புகள் துயரத்தில் இருப்பவர்களுக்குக் காது கொடுத்தன. இவை ஒவ்வொன்றுக்கும் மதிப்பு உண்டு.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் டேவிட் கன்னெல் தலைமையிலான குழு 1975 முதல் 2005 வரையிலான தேசியத் தரவுகளை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்வியை ஆராய்ந்தது. வேலையின்மை, மது, மணமுறிவு, மொத்தப் பூச்சிமருந்துப் பயன்பாடு, போர் ஆண்டுகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தது. எதுவும் அந்தச் சரிவோடு ஒத்துப்போகவில்லை. தடைகளின் காலம் ஒத்துப்போனது. 1986 முதல் 1995 வரையிலான பத்தாண்டோடு ஒப்பிட்டால் 1996 முதல் 2005 வரை 19,769 தற்கொலைச் சாவுகள் குறைந்திருந்தன. 2015 வரையிலான இருபது ஆண்டுக் கணக்கில் காப்பாற்றப்பட்ட உயிர்கள் சுமார் 93,000 என்பது பின்னர் வந்த மதிப்பீடு.

இன்னொரு சான்று எனக்கு இதைவிட வலுவாகத் தோன்றுகிறது. சாவு சரிந்த காலத்தில் நஞ்சருந்தி மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை அதற்கேற்பச் சரியவில்லை. வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், இறந்தவர்கள் குறைந்தார்கள். மாத்திரைகளை அதிகம் விழுங்கி வந்தவர்கள் கூடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். பிழைத்தவர்களில் மீண்டும் முயன்றவர்களின் விகிதம் இலங்கையில் குறைவு. சாக நினைப்பவர் எப்படியாவது செத்துத்தான் தீருவார் என்று ஊரில் சொல்லப்படும் வாதத்துக்கு இந்தத் தரவுகளில் இடமில்லை.

விளைச்சல் விழும் என்ற அச்சமும் சோதிக்கப்பட்டது. மனுவீரவும் மற்றவர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, தடைகளை ஒட்டி நெல் உள்ளிட்ட பயிர்களின் விளைச்சல் வீழ்ந்ததற்குத் தடயம் இல்லை என்று காட்டியது. அந்தந்த வேலைக்கு மாற்று மருந்து கிடைத்தது. விவசாயி தன் பயிரைக் காப்பாற்றிக்கொண்டார்.

தோற்றுப்போன நல்ல யோசனைகள்

தடை ஒன்றுதான் வழி என்று முதலில் யாரும் முடிவு கட்டிவிடவில்லை. வேறு வழிகளும் நேர்மையாகச் சோதிக்கப்பட்டன. அவற்றின் தோல்வியும் ஒளிக்காமல் வெளியிடப்பட்டது. இந்த ஆய்வாளர்கள் மீது எனக்கு மதிப்பு கூடியது அதனால்தான்.

நஞ்சை உறிஞ்சும் கரித்தூளை நோயாளிகளுக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் பிழைப்பார்களா? மூன்று இலங்கை மருத்துவமனைகளில் 4,632 நோயாளிகளை உள்ளடக்கிய ஆய்வின் பதில் 2008இல் வந்தது: பயனில்லை.

பூட்டுப் பெட்டி அடுத்த யோசனை. யாருக்கும் பிடித்த யோசனை அது. உற்பத்தி நிறுவனங்களுக்கு மிகவும் பிடித்தது. மருந்தைப் பூட்டி வைத்தால் அந்த அரை மணி நேரத்தில் கைக்கு எட்டாது, மருந்தையும் தடை செய்ய வேண்டியதில்லை. முன்னோட்ட ஆய்விலேயே ஒரு சங்கடம் தெரிந்தது. அதுவரை வயலில் மருந்தை வைத்திருந்த சிலர், பெட்டி கிடைத்ததும் மருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நாளாக ஆக, பூட்டாமல் கிடந்த பெட்டிகளும் கூடின. பிறகு அனுராதபுர மாவட்டத்தின் 180 கிராமங்களில், 53,000க்கும் மேற்பட்ட வீடுகளில், பாதிக்குப் பெட்டி கொடுத்து, பாதிக்குக் கொடுக்காமல் பெரிய அளவில் சோதித்தார்கள். மெலிசா பியர்சன் முதன்மை ஆசிரியராக 2017இல் வெளிவந்த முடிவு: பெட்டி கொடுத்த கிராமங்களில் பூச்சிமருந்து அருந்துவது குறைந்ததற்குச் சான்று இல்லை.

யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. சாவி வீட்டில்தானே இருக்கும்? வீட்டில் மருந்து எடுத்துத் தெளிப்பவர்தான் பெரும்பாலும் ஆபத்துக்குள்ளாகும் ஆணும். கதவுக்குள்ளேயே இருப்பவரிடமிருந்து கதவைப் பூட்டிப் பயனில்லை. தமிழ்நாட்டில் காட்டுமன்னார்கோயில் பகுதியில் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் சென்னையின் ஸ்நேகா அமைப்பும் முயன்றது இதிலிருந்து மாறுபட்ட ஒன்று: மருந்தை வீட்டிலிருந்தே அகற்றி, ஊருக்குப் பொதுவான கிடங்கில் ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பெட்டகம், பொறுப்புக்கு ஓர் ஆள். மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள், தொடக்க முடிவுகளும் ஊக்கம் தந்தன. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் கிடங்கு கட்டி, ஆள் வைத்து, ஆண்டுக்கணக்கில் நடத்துவதற்கு ஆகும் உழைப்பை ஒரு பதிவாளரின் கையெழுத்தோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது.

2021ஐ இதோடு குழப்பக் கூடாது

இலங்கையில் பூச்சிமருந்துத் தடை என்றதும் இன்று பலர் நினைப்பது 2021ஐ. கோட்டாபய ராஜபக்ச அரசு அந்த ஆண்டு ரசாயன உரத்தையும் வேளாண் வேதிப்பொருட்களையும் ஒரேயடியாக நிறுத்தியது. நெல் விளைச்சல் வீழ்ந்தது, தேயிலை அடிபட்டது, நவம்பரிலேயே அரசு பின்வாங்கியது. அந்தப் பேரிடரைக் காட்டி எந்தத் தடையும் விவசாயிக்கு எதிரி என்று பேசுவது உண்மைக்குப் புறம்பு. 1984 முதல் 2011 வரை நடந்தது ஒவ்வொரு மருந்தாக, சாவுக் கணக்கைப் பார்த்து, மாற்று இருக்கிறதா என்று கேட்டு, அவகாசம் கொடுத்து விலக்கியது. 2021இல் நடந்தது எதையும் கேட்காமல் செய்தது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது முன்னதன் வேலையைச் செய்தவர்களுக்கு இழைக்கும் அநீதி.

இக்கரையில்

1958இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த கோதுமை மாவால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் சாவுகளை அடுத்து நடந்த விசாரணையின் வழியே வந்ததுதான் இந்தியாவின் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம். சாவிலிருந்து பிறந்த சட்டம் என்றபோதிலும், சாவைப் பார்த்து மருந்தை விலக்கும் வேகம் அதில் இல்லை. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவை உண்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். உணவில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ். இலங்கை 18 ஆண்டுகளுக்கு முன்பே வெளியேற்றிய அதே மருந்து. இந்திய அரசு அதற்கு முடிவு கட்டும் ஆணையை வெளியிட மேலும் பத்தாண்டுகள் ஆயின.

இந்தியாவின் நிலை இலங்கையைவிடச் சிக்கலானது என்பதை மறுக்கவில்லை. இங்கே மருந்து துறைமுகம் வழியாக மட்டும் வருவதில்லை. குஜராத்திலும் மராட்டியத்திலும் உற்பத்தியாகி உலகெங்கும் ஏற்றுமதியாகிறது. தடைக்கு எதிராக வாதாட வலுவான கைகள் இருக்கின்றன. ஆனால் மாநிலங்களின் கைகளைச் சட்டமே கட்டிப்போட்டிருப்பதை ஏற்க முடியவில்லை. வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது, மருத்துவமனைகளும் மாநிலத்துடையவை, பிணக்கூறாய்வு நடப்பதும் மாநில அரசின் மருத்துவக் கல்லூரிகளில். அப்படியிருந்தும் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி ஒரு மாநிலம் ஒரு மருந்தை 60 நாட்களுக்குத் தடுத்து வைக்கலாம், தேவையானால் இன்னும் 30 நாட்கள் நீட்டிக்கலாம். அதற்குமேல் டெல்லிதான். தமிழ்நாட்டு அரசு தற்கொலைகளைத் தடுக்கும் நோக்கத்தோடு ஆறு பூச்சிமருந்துகளை அண்மை ஆண்டுகளில் தடை செய்தபோது அந்தத் தடையின் ஆயுளும் 60 நாட்கள்தான். நீண்ட கால சம்பா ரகம் ஒன்று வயலில் நிற்கும் காலத்தில் பாதிகூட இல்லை.

சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றம் வேண்டும். அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பூச்சிமருந்தால் இறந்தவர்களைத் தனியே எண்ணுகிறது. எந்த மருந்து என்று எண்ணுவதில்லை. தஞ்சாவூரிலும் விழுப்புரத்திலும் சேலத்திலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரிகளின் பதிவேடுகளில் மருந்தின் பெயருக்கு ஒரு பத்தி ஒதுக்கி, மாதந்தோறும் அதைத் தொகுத்து, சுகாதாரத் துறையும் வேளாண்மைத் துறையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க எந்த மைய அரசின் அனுமதியும் தேவையில்லை. 60 நாள் தடைக்குப் பிறகு டெல்லிக்கு எழுதப்படும் கடிதத்தோடு இணைக்க, அனுராதபுரத்தில் இருந்ததைப் போன்ற ஓர் எண் நம்மிடமும் இருக்கும்.